வங்கதேச ஆடை ஆலைகளும் வெளியேற்றப்பட்ட குழந்தைகளும், 1992–2006: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பேசும்போது எல்லாரும் வறுமையைக் காரணமாகச் சொல்கிறோம். அந்த வறுமை ஒரு குறிப்பிட்ட ஆலையில், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் எப்படி வேலை செய்தது என்று காட்டும் பதிவுகள் குறைவு. 1990களில் டாக்காவின் ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்தது அப்படிக் கிடைத்த ஒரு பதிவு. அதில் வரும் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் இங்கே பெயர் இல்லை. முடிவெடுத்த அமைப்புகளுக்குப் பெயர் உண்டு, ஏனென்றால் அவை எல்லாமே பொது ஆவணத்தில் உள்ளவை.

பின்னணி

1980களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆடை ஆலைகளே இருந்தன. 1990களின் நடுவில் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டிவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கே வேலை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் இந்த ஒரே துறை ஈட்டித் தந்தது. சரக்கை வாங்கும் நாடுகளில் முதலிடம் அமெரிக்காவுக்கு.

இந்த வேலையைத் தேடி டாக்காவுக்கு வந்தவர்களில் நிலமில்லாத குடும்பங்கள் ஏராளம். ஆறு கரையை அரித்து வீட்டையும் வயலையும் விழுங்கிவிட, ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. கணவன் கைவிட்ட பெண்களும் உண்டு. ஊரில் கடன் கொடுக்க ஒருவராவது இருப்பார். நகரத்துக் குடிசைப் பகுதியில் மாத வாடகையும் மளிகைக் கடை பாக்கியும்தான் இருக்கும். ஒரு மாதக் கூலி தவறினால் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1965ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆலையில் வைக்கக் கூடாது என்றது. 1990இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு 14 வயது ஆகிவிட்டதா என்பதை நிரூபிக்கவோ மறுக்கவோ வழியில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. அதற்கான முறையான புதிய சட்டமே 2004இல்தான் நிறைவேறியது. "வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவள்" என்று தாய் சொன்னால் அதுதான் வயதுச் சான்று. அடிக்கடி வெள்ளம் வரும் நாட்டில் அதை வைத்து என்ன கணக்குப் போட முடியும்?

ஆலைக்குள் கண்டது

குழந்தைகளில் பெரும்பாலோர் ஹெல்பர்கள். தையல் லைனின் ஓரத்தில் நின்றுகொண்டு, தைத்து வரும் சட்டையில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். பிசிர் வெட்டுவது என்கிறோமே, அந்த வேலை. வெட்டிய துணித் துண்டுகளைக் கட்டுக் கட்டாக ஆபரேட்டரின் கைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். காலரைத் திருப்ப வேண்டும், பட்டன் வைக்க வேண்டிய இடத்தில் குறி போட வேண்டும். உட்காரும் வேலை அல்ல. ஷிப்மெண்ட் நெருங்கினால் இரவு வரை ஓவர்டைம். கூலி குறைவு, அதுவும் மாதம் முடிந்து வாரக்கணக்கில் தாமதமாகக் கைக்கு வரும். பூட்டிய கதவுகளுக்குள் தீப்பிடித்துத் தொழிலாளர் மாண்ட ஆலைகள் அந்தக் காலத்திலும் இருந்தன. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஆலை நல்ல இடம் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

ஆனாலும் தாய்மார்கள் மகள்களை ஆலைக்குக் கூட்டிவந்ததற்குக் காரணங்கள் இருந்தன. பல சிறுமிகள் தாயோ அக்காவோ வேலை பார்த்த அதே ஆலையில்தான் இருந்தார்கள். வீட்டில் தனியே விட்டுவந்தால் பாதுகாப்பில்லை. ஹெல்பராக இரண்டு மூன்று வருடம் ஓட்டினால் மெஷினில் உட்காரலாம், ஆபரேட்டர் கூலி வாங்கலாம். வீட்டு வேலைக்குப் போனால் அந்த ஏணி கிடையாது. குடும்பத்தின் கண்ணில் ஹெல்பர் வேலை வருமானம், காவல், தொழிற்பயிற்சி மூன்றுமாக இருந்தது. பின்னர் வந்த திட்டம் எதுவும் இந்த மூன்றையும் சேர்த்து ஈடுகட்டவில்லை.

முதல் முடிவு: நிறைவேறாத ஒரு மசோதா

1992 ஆகஸ்டில் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் உழைத்துச் செய்த பொருள்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, அந்நாட்டின் பெரிய கடைகளில் விற்கும் துணிகளை வங்கதேச ஆலைகளில் குழந்தைகள் தைப்பதைக் காட்டியது. 1993இல் மசோதா மறுபடியும் தாக்கலானது. பிறகும் பலமுறை வந்தது. ஒரு முறைகூட நிறைவேறவில்லை.

நிறைவேறுமா என்று பார்த்துக்கொண்டிருக்க ஆலை அதிபர்கள் தயாராக இல்லை. பாதிக்கு மேற்பட்ட ஏற்றுமதி வருவாயைத் தரும் துறையின் முதல் சந்தை கைநழுவும் என்ற அச்சம் போதுமானதாக இருந்தது. சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரான பையர்களும் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதிபர்கள் பக்கமிருந்து பார்த்தால் குழந்தைகளை வெளியே அனுப்புவதுதான் மிக மலிவான வழி. நியமனக் கடிதம் இல்லாதவர்களை நீக்க நோட்டீஸ் தேவையில்லை, இழப்பீடு தேவையில்லை. அடுத்த நாள் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னால் முடிந்தது.

1993இல் இப்படி வெளியேற்றப்பட்ட குழந்தைகள் சுமார் 50,000 பேர், பெரும்பாலும் சிறுமிகள் என்று ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் மதிப்பிட்டது. பெயர்ப் பட்டியலே இல்லாத கூட்டத்தை எண்ணிச் சொன்ன எண் அது என்பதால் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்

யூனிசெஃப், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் குடிசைப் பகுதிகளில் தேடிப் போய்ப் பார்த்தன. குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கவில்லை. வேறு வருமானம் தேடிப் போயிருந்தார்கள். சிலர் கல் உடைத்தார்கள், சிலர் தெருவில் கிடைத்ததைச் செய்து பிழைத்தார்கள், சிலர் பாலியல் தொழிலில் சிக்கியிருந்தார்கள். இவை ஆலையைவிட ஆபத்தானவை, சுரண்டல் மிகுந்தவை என்று யூனிசெஃப் 1997ஆம் ஆண்டின் தன் உலக அறிக்கையில் பதிந்தது. இன்னொன்றையும் அது குறித்தது: சில வீடுகளில், நீக்கப்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாயே ஆலை வேலையை விட வேண்டி வந்தது. ஒரு கூலி போக வேண்டிய இடத்தில் இரண்டு கூலி போனது.

ஏன் இப்படி? 1998இல் பொருளியலாளர் கௌசிக் பாசுவும் பாம் ஹோவாங் வானும் முன்வைத்த வாதம் இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. பெரியவர்களின் வருமானம் பிழைப்புக்குத் தேவையான அளவுக்குக் கீழே விழும்போதுதான் பெற்றோர் குழந்தையை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பது அதன் அடிப்படை. அப்படியானால் ஒரு வாசலை மட்டும் அடைப்பதால் குழந்தை வீட்டுக்குத் திரும்பாது, அடுத்த வாசலைத் தட்டும். அடுத்த வாசலில் பேரம் பேசும் பலமும் குறைந்துவிடும், ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் பலர் நிற்கிறார்கள். இந்தியாவின் 1986ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்களும் இதையொத்த ஒன்றைக் கண்டார்கள். சட்டத்துக்குப் பிறகு குழந்தைகளின் கூலி குறைந்தது. குறைந்த கூலியை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்களில் குழந்தை உழைப்பு கூடியது.

ஏற்றுமதித் துறைகளில் வேலை செய்பவர்கள் உலகின் குழந்தைத் தொழிலாளரில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கலாம் என்று அதே யூனிசெஃப் அறிக்கை சொல்கிறது. வெளிநாட்டுக் கடைக்காரருக்குத் தெரியும் வாசல் அது ஒன்றுதான். கல்லுடைக்கும் களத்துக்கு எந்த பையரும் ஆய்வுக்கு வருவதில்லை.

இரண்டாம் முடிவு: 1995 ஜூலை ஒப்பந்தம்

1994இல் ஆடை உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கம் அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் ஆலைகளில் ஒரு குழந்தைகூட இருக்காது என்று அறிவித்தது. 1993இல் நடந்ததைப் பார்த்திருந்த யூனிசெஃபும் தொழிலாளர் அமைப்பும், பள்ளி தயாராகும் வரை மிச்சமிருப்பவர்களை வெளியே அனுப்பக் கூடாது என்று வாதிட்டன. அமெரிக்காவில் நுகர்வோர் புறக்கணிப்பு மிரட்டல் ஒரு பக்கம், சங்கத்துக்குள்ளேயே செலவை ஏற்க மனமில்லாத உறுப்பினர்கள் மறுபக்கம். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய் 1995 ஜூலை 4 அன்று டாக்காவில் மூன்று தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அதன் முக்கிய விதிகள் இவை. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. இருப்பவர்களைச் சில மாதங்களுக்குள் வெளியேற்றிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், பள்ளி அமையும் முன்பு நீக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு மாத உதவித்தொகை உண்டு. குழந்தையின் இடத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு, தகுதி இருந்தால், வேலை தர வேண்டும். ஆலைகளைத் தொழிலாளர் அமைப்பின் கண்காணிப்பாளர்கள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்ப்பார்கள்.

1993இல் நடந்ததோடு ஒப்பிட்டால் வரிசை தலைகீழாகியிருந்தது: முதலில் பள்ளி, அப்புறம் வெளியேற்றம். இந்த ஒப்பந்தத்தின் உண்மையான சாதனை இதுதான் என்று நினைக்கிறேன். பின்னாளில் இது பலருக்கும் முன்மாதிரி ஆனதற்கும் இந்த வரிசையே காரணம்.

அதன் முதல் ஓட்டையும் அப்போதே விழுந்துவிட்டது. ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆலை ஆலையாக எடுத்த கணக்கில் 10,000க்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளே இருந்தார்கள். பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் பள்ளியும் பணமும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியே போன பல்லாயிரம் பேர் இப்போது ஆலையில் இல்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை. முன்னதாகவே தண்டிக்கப்பட்டவர்கள் என்பதால் நிவாரணத்துக்குத் தகுதி இழந்தார்கள்.

300 டக்கா

உதவித்தொகை மாதம் 300 டக்கா. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 7 அமெரிக்க டாலர். சிறுமி ஆலையில் சம்பாதித்ததைவிட இது குறைவு.

இந்த எண்ணை இன்னொரு எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1994இல் ஆடைத் துறைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது: அடிமட்ட நிலையில் இருக்கும் பெரியவருக்கு மாதம் 930 டக்கா. அதாவது உதவித்தொகை ஒரு பெரியவரின் சட்டப்படியான கூலியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த 930ஐயும் கொடுக்காத ஆலைகள் இருந்தன. தாயின் 930, மகளின் ஹெல்பர் கூலி, இரண்டு பேரின் ஓவர்டைம் என்று ஓடிய வீட்டில், மகளின் பங்கு 300ஆகச் சுருங்கியது. அவள் ஒப்பந்தத்துக்குள் வந்த அதிர்ஷ்டசாலியாக இருந்தால் இந்த நிலைமை. 1993இல் போனவளாக இருந்தால் அந்தப் பங்கு பூஜ்யம்.

தொகையைக் குறைவாக வைத்ததற்கு ஒரு நியாயமும் சொல்ல முடியும். கூலிக்கு ஈடாகக் கொடுத்தால், அதே சந்தில் வேலைக்கே போகாமல் பள்ளிக்குப் போகும் ஏழைக் குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆலைக்குப் போனவளுக்குப் பணம் என்றாகிவிடும். கொஞ்ச நாள் ஆலையில் வேலை பார்த்தால் உதவித்தொகை கிடைக்கும் என்ற எண்ணமும் பரவும். நிதியும் திட்டக் காலத்துக்கு மட்டுமே கையில் இருந்தது. நியாயம் புரிகிறது. வாடகை கொடுக்க வேண்டிய தேதிக்கு அது புரியாது.

பள்ளிகளை நடத்தும் பொறுப்பை பிராக், கணோசாஹாஜ்ஜோ சங்ஸ்தா என்ற இரு தொண்டு நிறுவனங்கள் ஏற்றன. பிராக்கின் முறைசாராப் பள்ளி மாதிரி ஏற்கெனவே நாடெங்கும் பழகியது: வாடகைக்கு எடுத்த ஓர் அறை, தரையில் பாய், முப்பது சொச்சம் குழந்தைகள், ஒரே ஆசிரியை, சில மணி நேர வகுப்பு. குடியிருப்புக்கு நடுவிலேயே பள்ளி இருந்ததால் குழந்தைகள் வந்தார்கள். வகுப்பு முடிந்த மீதிப் பகலில் வேறு வேலைக்குப் போகவும் அதே நேர அமைப்பு இடம் கொடுத்தது.

பின்னர் நடந்தது

300க்கும் மேற்பட்ட பள்ளிகள் தொடங்கப்பட்டன. 8,000க்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள். ஆலைகளைப் பொறுத்தவரை மாற்றம் பெரியது. 1995இல் பத்தில் நான்குக்கு மேற்பட்ட ஆலைகளில் குழந்தைகள் இருந்தார்கள். 2001வாக்கில் அப்படிப்பட்ட ஆலைகள் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கின. ஏற்றுமதி நிற்கவில்லை, வளர்ந்தது. குழந்தைகள் இல்லாவிட்டால் துறை நொடித்துப்போகும் என்று பயந்தவர்களின் கணக்குத் தவறியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை கதை அவ்வளவு நேராக இல்லை. பட்டியலில் இருந்தவர்களில் பலருக்கு 12, 13 வயது. 14 நிறைந்ததும் உதவித்தொகை பெறும் தகுதி போய்விடும், ஆலையில் சேரும் தகுதி வந்துவிடும். படிப்பு முடியாமலே பலர் நின்றார்கள். முதல் சில ஆண்டுகளிலேயே இது தெரிந்துவிட்டதால் தொழிற்பயிற்சியும் குடும்பங்களுக்குச் சிறுகடனும் பின்னர் சேர்க்கப்பட்டன. 2000இல் இரண்டாம் கட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரியவருக்கு மாற்று வேலை என்ற விதியில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பல வீடுகளில் வேலைக்குப் போகக்கூடிய பெரியவர் ஏற்கெனவே ஏதோ ஒரு ஆலையில் இருந்தார். காலியாக இருந்த இடத்தை நிரப்ப வீட்டில் ஆள் இல்லை.

இதே காலத்தில் வங்கதேசக் கிராமங்களில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்குத் தானியம் தரும் அரசுத் திட்டம் அது. அதை ஆராய்ந்த மார்ட்டின் ரவல்லியனும் குவென்டின் வோடனும் 2000இல் எழுதியது இந்த நிகழ்வுக்கும் பொருந்தும். பள்ளிச் சேர்க்கை நன்றாகவே கூடியது. குழந்தை உழைப்பில் ஏற்பட்ட குறைவோ, அந்தக் கூடுதலில் சிறுவர்களிடம் நான்கில் ஒரு பங்கு, சிறுமிகளிடம் எட்டில் ஒரு பங்கு. மீதி நேரம் விளையாட்டிலிருந்தும் ஓய்விலிருந்தும் வந்தது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறினால் வேலை நின்றுவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

இருபது ஆண்டு தள்ளிப் பார்த்தால் இன்னொரு காட்சி தெரிகிறது. 2016இல் வெளியான டாக்காக் குடிசைப் பகுதி ஆய்வு ஒன்றில், முழுநேர வேலையில் இருந்த குழந்தைகள் வாரத்துக்குச் சராசரியாக 64 மணி நேரம் உழைத்தார்கள். வேலையில் இருந்த சிறுமிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆடைத் துறையில் இருந்தார்கள். ஏற்றுமதிச் சங்கத்தில் உறுப்பினரான பெரிய ஆலைகளில் கண்காணிப்பு இருந்தது. துணை ஒப்பந்தத்தில் இயங்கும் சின்னப் பட்டறைகளும் உள்ளூர்ச் சந்தைக்குத் தைக்கும் கூடங்களும் 1995 ஒப்பந்தத்தின் எல்லைக்குள் ஒருபோதும் வந்ததில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதலாவது, தொடக்கத் தேதி. 1995இல் ஆலைக்குள் இருந்தவர்கள் என்று எல்லை போட்டதற்குப் பதில், 1992 முதல் ஆலையில் இருந்தவர்கள் என்று போட்டிருக்கலாம். தேடிக் கண்டுபிடிப்பது கடினம்தான். ஆனால் பிராக் போன்ற நிறுவனத்துக்குக் குடிசைப் பகுதிகளில் கிளைகளும் ஆட்களும் இருந்தார்கள். முயன்றிருந்தால் ஒரு பகுதியினரையாவது சேர்த்திருக்கலாம். இன்று ஏதாவது ஒரு துறையில் இப்படித் தடை வரும்போது, அறிவிப்பு வெளியான நாளிலேயே ஆலையின் பெயர்ப் பட்டியலை உறையச் செய்வது முதல் வேலையாக இருக்க வேண்டும். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் குழந்தைகள் காணாமல் போகிறார்கள்.

பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தைக்கும் தொழிலுக்கு 1997 பிப்ரவரியில் அட்லாண்டாவில் போட்ட ஒப்பந்தம் வங்கதேசத்தைப் பார்த்துத்தான் எழுந்தது. அங்கே பள்ளியையும் கண்காணிப்பையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கண்காணிக்க வசதியாக, வீட்டில் உட்கார்ந்து தைத்தவர்களைத் தையல் மையங்களுக்கு வரச் சொன்னார்கள். வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்களில் பலர் அந்த வருமானத்தை இழந்தார்கள். குழந்தையின் வேலையைப் பாதுகாப்பாக நிறுத்தப்போய்த் தாயின் கூலியில் கை வைப்பது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

அடுத்தது வயது. 14 என்ற கோட்டைத் தாண்டிய நாளில் எல்லா உதவியும் நின்றுபோகும் ஏற்பாடு, பட்டியலில் இருந்த பலருக்குத் திட்டத்தை ஓரிரு ஆண்டு விஷயமாக்கிவிட்டது. தொடங்கிய படிப்பு முடியும் வரை என்று வைத்திருந்தால் செலவு கூடியிருக்கும், ஆனால் பலனும் இருந்திருக்கும். 14 என்ற எண்ணையே வளரும் நாடுகளுக்கான தற்காலிகச் சலுகையாகத்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை அனுமதித்தது. பொது வரம்பு 15. அந்த உடன்படிக்கையில் வங்கதேசம் 2022இல்தான் கையெழுத்திட்டு ஏற்றது.

கடைசியாக, பேச்சுவார்த்தை மேஜைக்கே வராத விஷயம். மூன்று தரப்பும் குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசின. தாய்க்கு எவ்வளவு கொடுப்பது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 1994இல் போட்ட 930 டக்கா 2006 வரை மாறவே இல்லை. பன்னிரண்டு ஆண்டு விலைவாசி ஏற்றத்தில் அதன் மதிப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள்தான் முதல் ஒப்பந்தம், பள்ளிகள், கண்காணிப்பு, இரண்டாம் ஒப்பந்தம் எல்லாம் நடந்தன. 2006 மே மாதம் தொழிலாளர் கொந்தளித்துத் தெருவுக்கு வந்த பிறகே அது 1,662 டக்காவைத் தொட்டது. அமெரிக்கக் கடைகள் குழந்தைகள் விஷயத்தில் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியை ஒரு சட்டைக்குக் கொடுக்கும் விலையில் காட்டியிருந்தால், மகளின் ஹெல்பர் கூலியை நம்பி வாடகை கொடுத்த எத்தனை வீடுகளுக்கு அந்தக் கூலி தேவைப்படாமல் போயிருக்கும் என்பதையும் அதே கண்காணிப்பாளர்கள் கணக்கெடுத்திருக்கலாம்.